காந்தம் குவென்ச் ஆவதற்கும் பணம் ஒதுக்குங்கள்

உள்நாட்டு எம்.ஆர்.ஐ. காந்தத் திட்டங்களைப் பரிசீலித்து நிதி ஒதுக்கும் நிபுணர் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். உங்களில் சிலருக்கு என் முகம் நினைவிருக்கலாம், பெயர் நினைவிருக்காது. பரிசீலனைக் கூட்டங்களில் கடைசி வரிசையில், புரொஜெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில், கேட்டால் மட்டும் பதில் சொல்வதற்காக உட்கார வைக்கப்படும் ஆள் நான். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திக் கம்பியைச் சுருளாகச் சுற்றுவது, முனைகளை இணைப்பது, ஹீலியம் ஊற்றிக் குளிர்விப்பது, மின்னோட்டம் ஏற்றுவது என்று இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இனி யாரும் என்னை மாற்றல் செய்ய முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுத வைத்தது, சமீபத்தில் நான் பார்வையாளனாகப் போயிருந்த ஒரு கூட்டம். திரையில் '7 டெஸ்லா' என்று பெரிய எழுத்து. டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்லும் அலகு. "பிரான்சில் 11.7 செய்துவிட்டார்கள், நாம் 7கூடச் செய்யக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். அறையே தலையாட்டியது. அடுத்த பக்கத்தில் செலவுப் பட்டியல். அதில் காந்தத்துக்கு ஒரே ஒரு வரி. 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் '1' என்று போட்டிருந்தது. அந்த '1' பற்றித்தான் இந்தக் கடிதம்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கூடத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) கை, கால் மட்டும் படமெடுக்கும் அளவில் ஒரு சிறிய மீக்கடத்திக் காந்தம் செய்தோம். முதல் தடவை மின்னோட்டம் ஏற்றியபோது இலக்கில் 71 சதவீதத்தில் குவென்ச் ஆனது, அதாவது சுருள் திடீரென்று மீக்கடத்தும் நிலையை இழந்தது. கூரைக் குழாய் வழியாக வெள்ளையாகப் புகை பீறிட்டது, ஆக்சிஜன் மானி அலறியது, நாங்கள் வெளியே ஓடினோம். இரண்டாம் தடவை 83 சதவீதம். மூன்றாம் தடவை 88. எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், டீக்கடையில் வடை வாங்கிப் பங்கு போட்டோம். அடுத்த மாதம் பரிசீலனைக் கூட்டம். எங்கள் அறிக்கையைப் படித்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "மூன்று தடவை தோல்வி. இதற்கு யார் பொறுப்பு?"

எங்கள் தலைவர் விளக்கினார். எடுபடவில்லை. 'தொழில்நுட்பக் காரணம் தெளிவாகும் வரை மேற்கொண்டு ஹீலியம் வாங்க வேண்டாம்' என்று கோப்பில் குறிப்பு ஏறியது. ஏழு மாதம் அப்படியே கிடந்தது. பிறகு திட்டக் காலம் முடிந்தது. அந்தக் காந்தம் இப்போதும் ஒரு ஷெட்டில் தார்பாய் போர்த்திக்கொண்டு இருக்கிறது. நாலாவது தடவை 95 போயிருக்குமா, 100 தொட்டிருக்குமா என்பது அந்தத் தார்பாய்க்குத்தான் தெரியும்.

குழுவில் நிதித்துறையிலிருந்து வருகிறவர்களும் இருப்பதால் குவென்ச் என்றால் என்னவென்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக் காந்தங்களில் சுற்றியிருப்பது நையோபியம்-டைட்டானியம் கலவைக் கம்பி. செம்புக்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக அந்தக் கலவை ஓடும். 9.2 கெல்வினுக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 264 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அதற்கு மின்தடை கிடையாது. திரவ ஹீலியத்தில், அதாவது 4.2 கெல்வினில், முக்கிவைத்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஏற்றி வளையத்தை மூடிவிட்டால், வெளி மின்சாரமே இல்லாமல் அந்த மின்னோட்டம் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் 9.2 என்பது காந்தப்புலமும் மின்னோட்டமும் இல்லாதபோதுதான். இரண்டும் ஏற ஏற அந்த எல்லை இறங்கும். ஓடுகிற காந்தத்தில் கம்பிக்கு மிச்சமிருக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை டிகிரிதான்.

ஒரு டிகிரி போதாதா என்று தோன்றும். இங்கேதான் குளிர் நம்மை ஏமாற்றுகிறது. நம் அறையில் ஒரு கன சென்டிமீட்டர் செம்பை ஒரு டிகிரி சூடாக்க 3.4 ஜூல் ஆற்றல் வேண்டும். 4.2 கெல்வினில் அதே செம்புக்கு ஒரு மில்லிஜூலுக்கும் குறைவு போதும். சமையலறை மிளகு ஒன்றை எடுத்து இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். அது தரையைத் தொடும்போது வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு மில்லிஜூல். அவ்வளவுதான். சுருளுக்குள்ளே ஏதோ ஒரு கம்பி காந்த விசையில் சில மைக்ரான் நழுவினாலோ, எபாக்சி பிசினில் ஒரு மயிரிழை விரிசல் விட்டாலோ அந்த மிளகு விழுந்த கணக்கு. அந்த இடம் சாதாரணக் கம்பியாகிவிடும். தடை வரும், சூடாகும், பக்கத்து இடத்தையும் சூடாக்கும். சில நொடிகளில் மொத்தச் சுருளும் மீக்கடத்தும் நிலையை இழந்து, உள்ளே இருந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி ஹீலியத்தைக் கொதிக்க வைக்கும். இதுதான் குவென்ச்.

நழுவிய கம்பி புது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை அதே விசைக்கு அது நழுவாது, அதைவிடக் கூடின விசைக்கு வேறொரு கம்பி நழுவும். அதனால்தான் 71, 83, 88. இதைத் துறையில் 'பயிற்சி' என்றே சொல்கிறோம். மாட்டை வண்டிக்குப் பழக்குகிற மாதிரிதான். உலகெங்கும் விற்பனைக்கு வரும் எம்.ஆர்.ஐ. காந்தங்களும் இப்படித்தான், தொழிற்சாலைக்குள்ளேயே மின்னோட்டம் ஏற்றிப் பழக்கியபின்தான் கப்பலேறுகின்றன. வாங்குகிறவர் கண்ணில் குவென்ச் படுவதில்லை, அதனால் நல்ல காந்தம் குவென்ச் ஆகாது என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. எங்களிடம் கேள்வி கேட்ட பெரியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் பார்த்த காந்தமெல்லாம் பழகி வந்த காந்தம்.

இன்னொன்று. ஒரு 1.5 டெஸ்லா முழு உடல் காந்தத்துக்குள் தேங்கியிருக்கும் ஆற்றலைத் தோராயமாக 3 மெகாஜூல் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன் பேருந்து மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சமம். குவென்ச் ஆகும்போது இந்தப் பேருந்து எங்கேயாவது நின்றாக வேண்டும். கம்பியில் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் உருகிப் போகும். மொத்தச் சுருளிலும் சீராகப் பரவி நின்றால் ஒன்றும் ஆகாது. அப்படிப் பரவ வைப்பதுதான் பாதுகாப்புச் சுற்றின் வேலை, அதற்குச் சூடேற்றிகள், டையோடுகள், துணைத் தடைகள் எல்லாம் உண்டு. கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய ஒரே வழி, முழு மின்னோட்டத்தில் வேண்டுமென்றே குவென்ச் ஆக்கிப் பார்ப்பது. 'எண்ணிக்கை: 1' என்று எழுதிவிட்டு, அந்த ஒன்று கெட்டால் திட்டமே போச்சு என்று வைத்தால், எந்த வடிவமைப்பாளருக்கு அந்தப் பொத்தானை அழுத்தக் கை வரும்?

வராது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயந்து வடிவமைத்த காந்தத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். தேவைக்கு மேல் செம்பு, தேவைக்கு மேல் கம்பி, பருமனான சுருள், நீளமான உருளை. துளை குறுகிவிடும், எடை ஏறிவிடும். 60 சென்டிமீட்டர் துளைக்குள் படுக்க மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் நோயாளிகளுக்காக உலகம் 70க்குப் போய்ப் பல வருடமாகிறது. காந்தத்தைக் குட்டையாக்கித் துளையைப் பெரிதாக்கினால் நடுவில் புலத்தின் சீர்மை கெடும். அதைச் சரிக்கட்டக் கம்பியைத் துல்லியமாக, துணிச்சலாக வைக்க வேண்டும். எல்லை எங்கே என்று தெரிந்தவனுக்குத்தான் துணிச்சல் வரும். எல்லையைத் தொட்டுப் பார்க்கவே விடவில்லை என்றால் ஒவ்வொரு வடிவமும் முன்னதைவிடத் தடியாகத்தான் வரும்.

சீர்மை என்றேன். 45, 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கற்பனைக் கோளத்துக்குள் புலம் பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்குமேல் மாறக் கூடாது. இதற்காக ஆறு, எட்டு சுருள்களைத் தள்ளித் தள்ளி வைக்கிறோம். ஒரு சுருள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பத்துக்கணக்கான பங்கு கெட்டுவிடும். அதேசமயம், அறையில் ஒரு மீட்டர் இருக்கும் அலுமினியம் 4 கெல்வினில் 4 மில்லிமீட்டர் சுருங்குகிறது. கம்பி அவ்வளவு சுருங்காது, பிசின் வேறு மாதிரி சுருங்கும். ஆக, நாங்கள் சூட்டில் சுற்றுவது ஒரு காந்தம், குளிரில் பிறப்பது வேறொரு காந்தம். முதல் காந்தத்தின் அளவீட்டை வைத்து இரண்டாவதைத் திருத்தலாம். இரண்டாவதே இல்லை என்றால் எதைத் திருத்துவது? இரும்புத் துண்டு ஒட்டி ஷிம் செய்து ஒப்பேற்றலாம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

இப்போது அந்த 7 டெஸ்லாவுக்கு வருகிறேன்.

காந்தப்புலம் தன் சுருளை வெளியே பார்த்துத் தள்ளும். அந்த அழுத்தம் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.5 டெஸ்லாவில் சுமார் 9 வளிமண்டல அழுத்தம். 3 டெஸ்லாவில் 35. 7 டெஸ்லாவில் 190ஐத் தாண்டும். 11.7இல் 540ஐ நெருங்கும். கார் டயரில் நாம் அடிப்பது இரண்டு சொச்சம். 1.5இல் நழுவுகிற கம்பியைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவர்கள், 7இல் இருபது மடங்கு தள்ளும்போது எப்படிப் பிடிப்பார்கள்?

பிரான்சை உதாரணம் காட்டினார்கள். நல்ல உதாரணம், முழுக்கச் சொன்னால். பாரிசுக்குத் தெற்கே சாக்லேயில் அந்நாட்டு அணுசக்தி ஆணையத்தின் நியூரோஸ்பின் மையத்தில் இருக்கும் அந்தக் காந்தத்தின் பெயர் இசோல்ட். 132 டன். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் குறுக்களவு, நடுவில் 90 சென்டிமீட்டர் துளை. உள்ளே 182 கிலோமீட்டர் நையோபியம்-டைட்டானியம் கம்பி, 1500 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டம். இந்தக் கலவை 4.2 கெல்வினில் 11.7 டெஸ்லாவைத் தாங்காது என்பதால் 7500 லிட்டர் ஹீலியத்தை 1.8 கெல்வினுக்கு இறக்கி, உராய்வே இல்லாமல் பாயும் மீப்பாய்ம நிலையில் வைத்திருக்கிறார்கள். தேங்கியிருக்கும் ஆற்றல் 338 மெகாஜூல், நம் பேருந்துக் கணக்கில் நூற்றுப் பத்துக்கும் மேல். வேலை தொடங்கியது 2000களின் முற்பகுதியில். முழுக் காந்தத்தில் கை வைப்பதற்கு முன் சிறு மாதிரிச் சுருள்களைச் செய்து, அவற்றுக்கென்றே ஒரு சோதனை நிலையம் வைத்துப் பார்த்தார்கள். காந்தம் சாக்லே வந்து சேர்ந்தது 2017இல். முழுப் புலத்தைத் தொட்டது 2019 ஜூலையில். 2021இல் முதல் படம் எடுத்தார்கள், ஒரு பூசணிக்காயை! மனித மூளைப் படங்கள் வெளிவந்தது 2024இல். இருபது வருடத்துக்கு மேல். இடையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தால் பூசணிக்காய்கூட மிஞ்சியிருக்காது.

7 டெஸ்லா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூளை ஆராய்ச்சிக்கு அது வேண்டும், ஒருநாள் நாமும் செய்யத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான மருத்துவமனைகளில் முதுகெலும்பு, முழங்கால், பக்கவாதம் என்று அன்றாடம் பார்க்கும் வேலையை 1.5 டெஸ்லாவே செய்துவிடும். அதில் கற்க வேண்டியதைக் கற்காமல் 7க்குத் தாவினால் இரண்டும் கிடைக்காது.

1.5இல் நம்மவர்கள் சும்மா இல்லை. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியில், மும்பை சமீர் ஆய்வு நிறுவனம் தலைமையேற்க, டெல்லி ஐ.யூ.ஏ.சி. முடுக்கி மையம், திருவனந்தபுரம், கொல்கத்தா சி-டாக் கணினி மையங்கள் எல்லாம் சேர்ந்து உள்நாட்டு 1.5 டெஸ்லா இயந்திரத்தைச் செய்துவருகிறார்கள். 2025 மார்ச்சில், அதை நிறுவிச் சோதிக்க டெல்லி எய்ம்ஸுடன் ஒப்பந்தம் ஆனது. நான் மேலே சொன்னதும் இனிச் சொல்லப்போவதுமான சொந்தக் கதைகள் எதுவும் அந்தத் திட்டத்தைப் பற்றியவை அல்ல. அவர்களுக்கு என் வணக்கம். என் கேள்வி அதற்கு அடுத்த காந்தத்தைப் பற்றியது. அடுத்து வரும் பத்து காந்தங்களைப் பற்றியது.

கம்பி முனைகளைச் சேர்க்கும் ஜாயின்ட் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசு வராது. ஏனென்றால் என் வாழ்க்கையில் பாதி அதிலேதான் போனது.

பல கிலோமீட்டர் கம்பி ஒரே நீளமாக வராது. சுருளுக்குச் சுருள் இணைக்க வேண்டும். இணைப்பிலும் தடை இருக்கக் கூடாது. காந்தத்தின் தூண்டம், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, 30 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு கோடியில் ஒரு பங்குக்குமேல் புலம் குறையக் கூடாது என்றால், எல்லா ஜாயின்டும் சேர்ந்து ஒரு ஓமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தடை காட்டலாம். சாதாரண ஈயப்பற்று வைத்தால் இதன் பக்கத்தில்கூடப் போக முடியாது.

எங்கள் கூடத்தில் ஓர் அண்ணன் இருந்தார். ஐ.டி.ஐ. ஃபிட்டர். கம்பி முனையின் மேலுறையைச் சுரண்டி, உருகிய வெள்ளீயக் குளியலில் இறக்குவார். செம்பு மெல்ல மெல்ல வெள்ளீயத்தில் கரைந்துபோகும். உள்ளே இருக்கும் இழைகள் கரையாது, குழந்தைத் தலைமுடி மாதிரி பிரிந்து நிற்கும். அந்த இழைகளைக் காற்றுப் படாமல் ஈயம்-பிஸ்மத் குளியலுக்கு மாற்ற வேண்டும், ஏனென்றால் காற்றுப் பட்டால் ஆக்சைடு மூடிக்கொள்ளும், பிறகு எத்தனை பற்றுவைத்தாலும் வீண். ஈயம்-பிஸ்மத்தும் மீக்கடத்தி என்பதால் வெள்ளீயத்தை விரட்டிவிட்டு இழைகளுக்கு இடையே அது போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முனைகளின் இழைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, அதையே உருக்கி ஊற்றி ஆறவிடுவார். எவ்வளவு நேரம் முக்குவது என்று செய்முறைத் தாளில் நிமிடம் போட்டிருக்கும். அண்ணன் தாளைப் பார்க்க மாட்டார். குளியலின் மேலே மிதக்கும் ஆடையின் நிறத்தைப் பார்ப்பார். "பழுப்பு ஏறுது, எடு" என்பார். எடுத்தால் சரியாக இருக்கும்.

அவர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்தவர். பன்னிரண்டாவது மாதம் வைத்தால் நிரந்தரம் கேட்பார்களாம். நாலு தடவை புதுப்பித்தார்கள். ஐந்தாவது தடவை கோப்பு தாமதமாகி, அவர் வளைகுடாவுக்கு வெல்டராகப் போய்விட்டார். அதே தாள், அதே குளியல், அதே ஈயம். அடுத்து வந்த ஜாயின்டுகளின் தடை நூறு மடங்கு கூடியது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடத்துக்கு அவருடைய சம்பளத்தைப் பெருக்கிப் பாருங்கள். நாங்கள் அதே காலத்தில் வீணாக்கிய கம்பியின் விலையில் அது ஒரு மூலைக்குக் காணாது.

சோதிப்பதும் சுலபமில்லை. ஜாயின்ட் வைத்த ஒற்றை வளையத்தை ஹீலியத்தில் முக்கி, அதில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டு, எவ்வளவு வேகமாக அது தேய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோஹென்றி வளையத்தில் ஓமின் லட்சம் கோடியில் ஒரு பங்குத் தடை இருந்தால், ஒரு நாளில் எட்டு சதவீதம் குறையும். அதைவிட நல்ல ஜாயின்டைப் பார்க்க நாள்கணக்கில் ஹீலியம் ஊற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். 'ஒரு வளையத்துக்கு ஏன் இத்தனை லிட்டர்?' என்று தணிக்கைக் குறிப்பு வரும். ஒரு கெட்ட ஜாயின்ட் என்ன செய்யும் என்பதற்கு ஜெனீவாவில் நடந்ததே போதும். 2008 செப்டம்பர் 19 அன்று செர்ன் மையத்தின் பெரிய துகள் முடுக்கியில் இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு இணைப்பு சரியில்லாமல் போய், டன்கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் கொட்டியது, ஐம்பதுக்கு மேற்பட்ட காந்தங்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஓராண்டுக்கு மேல் நின்றது. இணைப்புகளை அளக்கும் முறையையே மாற்றிக்கொண்டு 2009 நவம்பரில் மறுபடி ஓட்டினார்கள். 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகளை அறிவித்தார்கள்.

கம்பிக் கதை சுருக்கமானது. நையோபியம்-டைட்டானியம் கம்பித் தொழில் எம்.ஆர்.ஐ.க்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஃபெர்மிலாப் 1983இல் ஓடவிட்ட டெவட்ரான் முடுக்கிக்கு எழுநூற்றுச் சொச்சம் வளைக்கும் காந்தங்கள் வேண்டியிருந்தன. அரசு அவ்வளவு கம்பியை மொத்தமாக வாங்கியதால்தான் ஆலைகள் கம்பி வரையக் கற்றன. அந்த ஆலைகளின் வாசலில்தான் எம்.ஆர்.ஐ. வந்து வாங்கியது. நம்மிடம் கொல்கத்தாவில் மீக்கடத்திச் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இருக்கிறது, காந்திநகரில் அணுக்கரு இணைவு ஆய்வுக்கான டோகாமாக் இருக்கிறது, அணுசக்தித் துறைக்கு இந்தக் கம்பியை வரைந்து பார்த்த அனுபவமும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் எண்ணி வாங்குகிறது. எங்கள் கூடத்தில் ஒரு உருளைக் கம்பி கூடுதலாகக் கேட்டதற்கு, 'மிச்சமானால் என்ன செய்வீர்கள்?' என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அடுத்த காந்தம் சுற்றுவோம் என்று பதில் எழுதினோம். அந்தப் பதிலை யாரும் ரசிக்கவில்லை.

ஹீலியம் பற்றி எழுத எனக்குச் சொந்த உரிமை ஒன்று இருக்கிறது. நான் பிறந்தது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் குத்தாலம். அருவி இருக்கும் குற்றாலம் இல்லை, வடக்கே யாரிடம் சொன்னாலும் "அருவியில் குளித்திருக்கிறேன்" என்பார்கள். எங்கள் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எரிவாயு சேகரிப்பு நிலையம் உண்டு. அந்த வாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஹீலியம் கலந்திருக்கிறது. கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து, அழுத்தத்தை மாற்றி மாற்றி வாயுவைப் பிரிக்கும் ஒரு முன்னோட்ட ஆலையை அமைத்து அதை அடர்த்தியாக்கிப் பார்த்தார்கள். அதற்கும் முன்னால் மேற்கு வங்கத்தில் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் இருப்பதைப் பார்த்து ஐம்பதுகளிலேயே சத்யேந்திரநாத் போஸ் அக்கறை காட்டியிருக்கிறார். அவ்வளவு ஏன், 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்துதான் ஹீலியத்தின் கதையே தொடங்குகிறது. மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார். கண்டுபிடிப்பு நம் மண்ணில்தான். சிலிண்டர் மட்டும் இன்னும் கப்பலில் வருகிறது.

2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லையை மூடியபோது அங்கே ஹீலியம் ஆலைகள் நின்றன. உலக ஹீலியத்தில் கால்வாசிக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. இனி வரும் இயந்திரங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபிலிப்ஸ் 2018இலேயே 7 லிட்டர் ஹீலியத்தை அடைத்து மூடிய காந்தத்தைக் கொண்டுவந்தது, சீமென்ஸின் 0.55 டெஸ்லா இயந்திரத்துக்கு 0.7 லிட்டர் போதும். பழைய வகைக்கு 1500 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட வறண்ட காந்தத்தை நாமே உருவாக்கிப் பழக்கும் கூடத்தில் திரவ ஹீலியம் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. 1500 லிட்டர் திரவம் ஒரு குவென்சில் ஆயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட வாயுவாகிக் கூரைக்கு மேலே போய்விடும். அதைப் பிடித்துச் சேமிக்கும் பையும், மறுபடி திரவமாக்கும் இயந்திரமும் இருந்தால் பெரும் பகுதி திரும்பிவிடும். சோதனைக் கூடத்தோடு சேர்த்து இவற்றையும் கேட்கும் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இவைதான். பிறகு குவென்ச் ஒவ்வொன்றும் லட்சங்களாகக் கூரையில் பறப்பதால், குவென்ச் என்றாலே குழுவுக்கு வயிறு எரிகிறது. எரியத்தான் செய்யும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த காந்தத் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது எண்ணிக்கைக் கட்டத்தில் 1 என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரே வடிவத்தில் மூன்று என்று எழுதி வரச் சொல்லுங்கள். ஒன்று உடைத்துப் பார்க்க, ஒன்று திருத்திப் பார்க்க, ஒன்று மருத்துவமனைக்கு. பத்து குவென்சுக்கான ஹீலியமும் அதைப் பிடிக்கும் பையும் அந்தத் திட்டத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு குவென்சும் எத்தனை ஆம்பியரில், எந்தச் சுருளில், எத்தனை மில்லிநொடியில் பரவியது என்ற தரவை மற்றக் கூடங்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். டெல்லியில் நழுவிய கம்பியைப் பற்றிக் கொல்கத்தாவில் சுற்றுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? சுற்றுகிறவர், பற்றுவைக்கிறவர் இரண்டு பேரையாவது திட்டக் காலம் முழுவதும் கைவிடாதபடிக்குச் சம்பளத்தைத் தனி வரியாகப் போடுங்கள். அது உங்கள் செலவுப் பட்டியலிலேயே சின்ன வரியாகத்தான் இருக்கும்.

செலவு மூன்று மடங்கு ஆகுமே என்பீர்கள். ஆகாது. வடிவமைப்பு, அச்சு, சுற்றும் இயந்திரம், குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் ஒருமுறைதான். கூடுவது கம்பி, குளிர்கலனான கிரையோஸ்டாட், உழைப்பு. அதுவும் ஒரே காந்தம் செய்து தார்பாய் போர்த்துவதைவிட மலிவு. தார்பாயின் செலவை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரிசீலனையை ஏ.சி. அறையில் வைக்காமல், ஒரு தடவையாவது மின்னோட்டம் ஏற்றும் நாளில் கூடத்துக்கே வாருங்கள். அவசரமில்லாமல், ஒரு நாள் முழுக்க ஒதுக்கி வாருங்கள், ஏனென்றால் ஆம்பியர் மெல்லத்தான் ஏறும். சாப்பாடு அங்கேயே ஆகட்டும். சாயங்காலம் திரையில் கோடு ஏறிக்கொண்டே போகும், யாரும் பேச மாட்டார்கள், குளிரூட்டியின் டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று கோடு செங்குத்தாக விழும். கூரைக் குழாய் உறுமும், வெளியே வெள்ளை மேகம் எழும்பும். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது யார் பொறுப்பு என்று கேட்காதீர்கள். எத்தனை ஆம்பியரில், போன தடவை எவ்வளவு என்று கேளுங்கள். அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு காந்தச் சுற்றுக்காரன்,
குத்தாலம்.